பிளஸ் டூ முடிக்க எத்தனை பாடம், எந்த குரூப்? அம்மாபேட்டைப் பக்கத்துத் தந்தை ஒருவருக்குப் பதில்

கேட்டவர் தஞ்சாவூர் மாவட்டம் அம்மாபேட்டைப் பக்கத்து விவசாயி. மகள் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில், தமிழ்வழியில் படித்துப் பத்தாம் வகுப்பில் 500-க்கு 431 வாங்கியிருக்கிறாள். அறிவியல் 92, கணக்கு 74. மாட்டு டாக்டராக வேண்டும், இல்லாவிட்டால் விவசாயம் படிக்க வேண்டும் என்கிறாளாம். டவுனிலுள்ள ஒரு தனியார் பள்ளி, ‘கட்டணமே வேண்டாம், கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப்பில் சேருங்கள்’ என்று ஆள் அனுப்பியிருக்கிறது. மகன் இந்த வருடம் பிளஸ் டூ காமர்ஸ் குரூப் எழுதிப் பொருளியலில் மட்டும் தவறிவிட்டான். பிளஸ் டூ தேற உண்மையில் என்னென்ன வேண்டும், எந்த குரூப் எடுத்தால் எங்கே போகலாம் என்பது அவர் கேள்வி. திருவாரூர் மாவட்டத்தில் வேதியியல் முதுகலை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன். பெண் உயிரியல் உள்ள குரூப்பில் சேரட்டும், அதுவும் அரசுப் பள்ளியிலேயே. பையன் உடனே விடைத்தாள் நகலுக்கு விண்ணப்பிக்கட்டும். அதே கையோடு துணைத்தேர்வுக்கும் பணம் கட்டட்டும். ஏன் என்று இனிப் பார்ப்போம்.

தேர்ச்சிக் கணக்கிலிருந்து ஆரம்பிக்கலாம், பையனுக்கும் அதுதான் வேண்டும். பிளஸ் டூவில் ஆறு பாடம். தமிழ் அல்லது வேறொரு மொழி ஒன்று, ஆங்கிலம் ஒன்று, குரூப் பாடம் நான்கு. ஒவ்வொன்றும் 100, மொத்தம் 600. (பழைய 1200 மார்க் கணக்கு பெரியவர்கள் வாயில் இன்னும் இருக்கிறது. ‘என் தம்பி 1050 வாங்கினான்’ என்று யாராவது சொன்னால் குழம்ப வேண்டாம்.) ஆறிலும் தனித்தனியாக 35 வாங்க வேண்டும். ஒரு பாடத்தில் 98 எடுத்து இன்னொன்றில் 30 எடுத்தால் அந்த 98 கைகொடுக்காது. கணக்கில் புலியாக இருந்தாலும் இதே கதைதான் என்பதற்குக் கும்பகோணமே சாட்சி. 1904-இல் டவுன் ஹைஸ்கூலை முடித்து உதவித்தொகையோடு அங்கே அரசுக் கல்லூரிக்குப் போன ராமானுஜன், கணக்கைத் தவிர மற்றதைக் கவனிக்காமல் அந்த உதவித்தொகையை இழந்தார். அப்புறம் சென்னையில் பச்சையப்பன் கல்லூரிக்குப் போயும் எஃப்.ஏ. (பட்டத்துக்கு முந்திய அந்தக் காலக் கல்லூரித் தேர்வு) தேறவில்லை.

35 என்பது மொத்தம். அதற்குள் இன்னொரு கணக்கு இருக்கிறது. அதைப் பல பெற்றோருக்கு யாரும் சொல்வதில்லை. செய்முறை உள்ள பாடங்களில், அதாவது இயற்பியல், வேதியியல், உயிரியல், கணினி அறிவியல் போன்றவற்றில், எழுத்துத் தேர்வு 70, செய்முறை 20, அகமதிப்பீடு (பள்ளியே போடும் மார்க்) 10. செய்முறையிலும் அகமதிப்பீட்டிலும் முழு 30 வாங்கிவிட்டவன், ‘இன்னும் அஞ்சு மார்க்தானே’ என்று நினைப்பான். அப்படி இல்லை. எழுத்துத் தேர்வில் மட்டும் குறைந்தது 15 எடுத்தே ஆக வேண்டும். செய்முறை இல்லாத பாடங்களில் எழுத்துத் தேர்வு 90, அகமதிப்பீடு 10. எழுத்தில் குறைந்தது 25 வேண்டும்.

உங்கள் பையன் பொருளியலில் எழுத்தில் 22, அகமதிப்பீட்டில் 10, ஆக 32 வாங்கியிருக்கிறான். எழுத்தில் இன்னும் மூன்று வந்தால் இரண்டு நிபந்தனையும் ஒன்றாகவே தீரும். மூன்று மார்க் என்பது ஒரு சின்ன வினா. அதனால்தான் விடைத்தாள் நகல் கேட்கச் சொல்கிறேன். நகல் கைக்கு வந்ததும் அந்தப் பாடம் நடத்திய ஆசிரியரிடம் உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் பாருங்கள். கூட்டலில் விட்டிருந்தால் மறுகூட்டல், திருத்தாமல் விட்டது, குறைத்துப் போட்டது என்று தெரிந்தால் மறுமதிப்பீடு. தேதி குறுகலாகத்தான் கொடுப்பார்கள், ‘அடுத்த வாரம் பார்க்கலாம்’ என்று இருந்தால் போய்விடும். ஆனால் இதை மட்டும் நம்பித் துணைத்தேர்வை விட்டுவிடக் கூடாது. தவறிய ஒரு பாடத்தை மட்டும் எழுதினால் போதும், மற்ற ஐந்தும் அப்படியே நிற்கும். ஜூன், ஜூலையில் எழுதித் தேறினால் இதே வருடம் கலைக் கல்லூரியில் சேர்ந்துவிடலாம். வருடம் வீணாகிவிட்டது என்று வீட்டில் ஆளாளுக்குப் பேசாமல் இருந்தாலே பாதி வேலை முடிந்தது.

பக்கத்தில் யாரோ, ‘பிளஸ் டூவை விடு, திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நேராக டிகிரி வாங்கிக்கலாம்’ என்று சொன்னார்களாமே, அந்தப் பக்கமே போக வேண்டாம். பத்து, பிளஸ் டூ, பிறகு பட்டம் என்ற வரிசையில் வாங்கிய பட்டத்தைத்தான் அரசு வேலைக்கு ஏற்பார்கள். 2009-லேயே இதற்கு அரசாணை வந்துவிட்டது. பிளஸ் டூ இல்லாமல் பட்டம் வாங்கி, பரீட்சையும் தேறிச் சான்றிதழ் சரிபார்ப்பில் மாட்டிக்கொண்டவர்கள் உண்டு. ஒரு பொருளியலுக்காக அந்த வம்பு வேண்டாம்.

சரி, பெண்ணுக்கு வருவோம். இதுதான் பெரிய விஷயம்.

பள்ளியில் குரூப் என்று சொல்வதெல்லாம் அந்த நான்கு பாடச் சேர்க்கைதான். நம் பக்கத்துப் பள்ளிகளில் பொதுவாகக் கிடைப்பவை: கணக்கு, இயற்பியல், வேதியியல், உயிரியல் சேர்ந்த பயோ-மேத்ஸ், உயிரியலுக்குப் பதில் கணினி அறிவியல் உள்ள கம்ப்யூட்டர் சயின்ஸ், கணக்கு இல்லாமல் இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல் உள்ள பியூர் சயின்ஸ், வணிகவியல், கணக்குப்பதிவியல், பொருளியல் உள்ள காமர்ஸ், வரலாறு உள்ள கலைப்பிரிவு, அப்புறம் தொழிற்பிரிவு. தேறுவதற்கு எந்த குரூப்பானாலும் விதி ஒன்றுதான். வித்தியாசம் எல்லாம் தேறின பிறகு.

ஆகவே குரூப்பைப் பள்ளி வாசலில் நின்று யோசிக்காமல், கல்லூரி வாசலிலிருந்து பின்னோக்கி யோசிக்க வேண்டும். எங்கே போக வேண்டும், அங்கே என்ன பாடம் கேட்கிறார்கள் என்று பார்த்துவிட்டு இங்கே வர வேண்டும். டெல்டாக்காரர்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு. இந்தப் பிள்ளை விரும்பும் படிப்புகள் பெரும்பாலும் பஸ்ஸில் போய்வரும் தூரத்திலேயே இருக்கின்றன.

கால்நடை மருத்துவக் கல்லூரி ஒரத்தநாட்டில் இருக்கிறது. அதற்கு உயிரியல், இயற்பியல், வேதியியல் கட்டாயம், கணக்கு கேட்பதில்லை. நீட் எழுத வேண்டுமா என்றும் கேட்டிருந்தீர்கள். அகில இந்திய ஒதுக்கீட்டுக்குப் போகும் 15 சதவீத இடங்களுக்குத்தான் நீட். மாநில இடங்களுக்குப் பிளஸ் டூ மார்க்தான். இது தெரியாமல் நீட்டுக்குப் பயந்து இந்தப் படிப்பையே கைவிட்ட பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். வேளாண்மைக்கு ஈச்சங்கோட்டை, கீழ்வேளூர், திருச்சி நாவலூர் குட்டப்பட்டு, அந்தப் பக்கம் சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம். இங்கேயும் பிளஸ் டூ மார்க்தான், உயிரியல் படித்தவளுக்கு எந்தத் தடையும் வராது. மீன்வளப் படிப்புக்குத் தலைஞாயிறு. அதற்கும் உயிரியல் வேண்டும். குமுளூரில் வேளாண் பொறியியல் இருக்கிறது, அதற்குக் கணக்கு வேண்டும். தஞ்சாவூரில் உணவுத் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறதே, 1967-இல் திருவாரூரில் நெல்லைப் பக்குவப்படுத்தும் ஆய்வுக்கூடமாகத் தொடங்கி இன்று மத்திய அரசு நிறுவனமாக நிற்பது, அங்கே பி.டெக். சேரக் கணக்கு, இயற்பியல், வேதியியலோடு ஜே.இ.இ. மெயின் நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். திருவாரூர் நீலக்குடி மத்தியப் பல்கலைக்கழகத்துக்கு சியூஇடி என்ற பொது நுழைவுத் தேர்வு தனி. நர்சிங் என்றாலும் உயிரியல், இயற்பியல், வேதியியல்தான். பொறியியலுக்குக் கணக்கு, இயற்பியல், வேதியியல். காமர்ஸில் வரும் வணிகக் கணிதம் அதற்குச் செல்லாது. இதை நம்பி ஏமாந்தவர்கள் வருடா வருடம் உண்டு. சட்டம், பி.ஏ., ஆசிரியர் பட்டயம், கலெக்டர் பரீட்சை இதற்கெல்லாம் குரூப் ஒரு பொருட்டே அல்ல.

இந்த வரிசையைப் பார்த்தால் உயிரியலும் கணக்கும் சேர்ந்த பயோ-மேத்ஸில்தான் வழி அதிகம் என்பது தெரியும். கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப் எடுத்தால் ஒரத்தநாடும் தலைஞாயிறும் அன்றோடு சரி. மறுபக்கம் பாருங்கள், பயோ-மேத்ஸ் படித்தவள் நாளை மனசு மாறிக் கம்ப்யூட்டர் எஞ்சினியரிங் போக நினைத்தால் தாராளமாகப் போகலாம். கம்ப்யூட்டர் எஞ்சினியரிங் சேரப் பிளஸ் டூவில் கம்ப்யூட்டர் படித்திருக்க வேண்டும் என்று எவனோ கிளப்பிவிட்ட பேச்சு இந்த ஜில்லாவை விட்டுப் போகவே மாட்டேன் என்கிறது. அப்படி ஒரு விதி இல்லை.

ஒரே மார்க் பட்டியல் ஒவ்வொரு இடத்தில் எப்படி மாறுகிறது என்பதையும் காட்டிவிடுகிறேன். உங்கள் பெண் பிளஸ் டூவில் கணக்கு 78, இயற்பியல் 80, வேதியியல் 84, உயிரியல் 94 வாங்குகிறாள் என்று வைத்துக்கொள்வோம். பொறியியல் கட்-ஆஃபுக்கு (இடம் ஒதுக்க 200-க்குப் போடும் மார்க்) கணக்கு முழுதாக 78, இயற்பியலில் பாதி 40, வேதியியலில் பாதி 42, 200-க்கு 160. வேளாண்மைக்கு நான்கு பாடத்திலும் பாதிப் பாதி: 39, 40, 42, 47, ஆக 168. கால்நடை மருத்துவத்துக்கு உயிரியல் முழுதாக 94, இயற்பியல் 40, வேதியியல் 42, ஆக 176. பிள்ளை ஒன்றுதான், கணக்கில் பலவீனம் கால்நடைக் கணக்கில் தெரியவே தெரியாது, வேளாண்மைக் கணக்கில் பாதிதான் தெரியும். மொத்தம் 600-க்கு எவ்வளவு என்று ஊரில் கேட்பார்கள். கவுன்சிலிங்கில் அதை யாரும் கேட்பதில்லை. தமிழும் ஆங்கிலமும் கட்-ஆஃபில் சேராது, ஆனால் தேறியாக வேண்டும்.

கணக்கில் 74 என்றால் பயோ-மேத்ஸ் தாங்குவாளா என்பது உங்கள் கவலை. பத்தாம் வகுப்புக் கணக்கும் பிளஸ் ஒன் கணக்கும் ஒரே கனம் இல்லை என்பது உண்மைதான். அவளிடமே கேளுங்கள். கணக்குப் புத்தகத்தைத் திறந்தாலே வயிறு கலங்குகிறது என்றால் பியூர் சயின்ஸ் போகட்டும், ஒரத்தநாட்டுக்கு அது போதும். மார்க் குறைந்தது பயிற்சி இல்லாததால்தான், கணக்கின்மேல் வெறுப்பில்லை என்றால் பயோ-மேத்ஸ். 92 அறிவியலில் எடுத்தவளுக்கு என் வாக்கு பயோ-மேத்ஸுக்கே. சேர்ந்த பிறகு முடியவில்லை என்றாலும் முதல் சில வாரங்களுக்குள் தலைமையாசிரியரிடம் சொல்லி குரூப் மாற்றிக்கொள்ளலாம். அதற்கு மேல் போனால் அவராலும் கஷ்டம்.

சேரும்முன் பள்ளியில் ஒன்று கேட்டுவிடுங்கள். உயிரியலுக்கும் இயற்பியலுக்கும் பி.ஜி. ஆசிரியர் இருக்கிறாரா, காலியிடமா? பலகையில் குரூப் இருக்கும், நடத்த ஆள் இருக்காது. ஆள் இல்லையென்றால் குரூப்பை மாற்றாதீர்கள், பக்கத்து அரசுப் பள்ளியைப் பாருங்கள். அரை மணி நேர பஸ் பயணம் பெரிய விலை இல்லை. ஆய்வகத்தையும் ஒரு நடை எட்டிப் பாருங்கள். மேசை துடைத்துச் சுத்தமாக, சோதனைக் குழாய் ஒன்றுகூடக் கறை படாமல் அடுக்கி இருந்தால் எனக்குச் சந்தேகம்தான் வரும். புழங்குகிற ஆய்வகத்தில் தொட்டியோரம் பர்மாங்கனேட்டின் பழுப்புக் கறை கட்டாயம் இருக்கும். பியூரெட்டிலிருந்து ஒரே ஒரு சொட்டு விழுந்து இளஞ்சிவப்பு மறையாமல் நிற்கும் இடத்தில் கையை நிறுத்தப் பழகிய பிள்ளைக்கு அந்தக் கணக்கை எழுத்துத் தேர்வில் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இனித் தனியார் பள்ளி விவகாரம். ரிசல்ட் வந்த மறுநாளே வீடு தேடி வருகிறார்கள், 430-க்கு மேல் என்றால் கட்டணம் இல்லை என்கிறார்கள். ஜூனில் மேட்டூர் திறக்கிற நேரம், குறுவைக்கு உழவு, விதை, உரம் என்று கையில் காசு நிற்காத மாதம். இலவசம் என்ற சொல் காதில் தேனாகத்தான் விழும். ஆனால் அங்கே போனால் என்ன போகிறது என்று பாருங்கள். ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. 2020-இல் மருத்துவத்துக்கு வந்தது, 2021-இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் என்று விரிந்தது. இந்த ஒதுக்கீட்டில் தொழிற்படிப்பு சேர்கிறவர்களின் கல்விக் கட்டணம், விடுதிச் செலவை அரசே ஏற்கிறது. ஐந்து வருடம் அரசுப் பள்ளியில் இருந்துவிட்டுக் கடைசி இரண்டு வருடம் மாறினால் அத்தனையும் போச்சு. கால்நடை மருத்துவம் மாதிரி இடம் குறைவாக உள்ள படிப்பில், பொதுப் போட்டியில் 190-க்கு மேல் தேடுகிற இடத்தில், இந்த ஒதுக்கீடு எவ்வளவு பெரிய பிடி என்று சொல்ல வேண்டியதில்லை. கல்லூரிக்குப் போனதும் மாதம் 1000 ரூபாய் கிடைக்கும் புதுமைப்பெண் திட்டத்துக்கும் ஆறு முதல் பிளஸ் டூ வரை எங்கே படித்தாள் என்றுதான் பார்ப்பார்கள்.

அரசு உதவி பெறும் பள்ளி என்றால்? மன்னார்குடி, கும்பகோணம் பக்கம் பேர்போன பழைய பள்ளிகள் பல உதவி பெறும் பள்ளிகள்தான். அங்கே தமிழ்வழியில் படித்த பெண்களுக்குப் புதுமைப்பெண் பிறகு நீட்டிக்கப்பட்டது, 7.5 சதவீதம் மட்டும் கிடையாது. பெயர்ப்பலகையில் ‘அரசு’ என்ற எழுத்து எங்கே, எப்படி வருகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பயிற்றுமொழியையும் சும்மா மாற்ற வேண்டாம். பிளஸ் ஒன்னில் ஆங்கிலவழிப் பிரிவு இருக்கிறது, அதில் போடுங்கள் என்று சொல்வார்கள். பள்ளியிலிருந்து தமிழ்வழியிலேயே படித்து வருகிறவர்களுக்கு அரசு வேலையில் 20 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. கால்நடைப் படிப்பு ஆங்கிலத்தில்தான் என்பதால் அவளுக்கு இது நேராக உதவாமல் போகலாம். ஆனால் நாளை பி.ஏ. தமிழ்வழியில் படித்து டி.என்.பி.எஸ்.சி. எழுத நினைத்தால் உதவும். இன்றைக்கே அந்தக் கதவைச் சாத்த அவசரம் என்ன?

பிளஸ் ஒன் பொதுத்தேர்வு பற்றியும் ஒரு வார்த்தை. 2018-இல் ஆரம்பித்த அந்தத் தேர்வு 2025-26 கல்வியாண்டிலிருந்து இல்லை. பிள்ளைகளுக்கு மூச்சுவிட நேரம் கிடைத்தது என்பதில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் சில பள்ளிகள் இதைச் சாக்காக வைத்துப் பிளஸ் ஒன் பாடத்தைத் தாண்டி முதல் வருடமே பிளஸ் டூ புத்தகத்தை எடுத்துவிடும். பிளஸ் ஒன்னில் வேதிப் பிணைப்பு புரியாத பிள்ளைக்குப் பிளஸ் டூ அணைவுச் சேர்மம் மனப்பாடம்தான். நுழைவுத் தேர்வுகளும் இரண்டு வருடப் பாடத்திலிருந்தும் கேட்கின்றன. உங்கள் பெண்ணின் நோட்டை மாதம் ஒருமுறை புரட்டிப் பாருங்கள், எந்தப் புத்தகம் நடக்கிறது என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

வீட்டில் நீங்கள் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. செய்முறைத் தேர்வு பெரும்பாலும் பிப்ரவரியில் வரும், சம்பா அறுவடை முடிந்தும் முடியாமலும் இருக்கிற நேரம். மெஷின் வந்துவிட்டது, நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் கொட்டிக் காத்திருக்கிறோம், சாப்பாடு கொண்டுபோக ஆள் இல்லை என்று பிள்ளையை ஒருநாள் நிறுத்துவது நம் பக்கத்தில் சகஜம். அந்த மாதத்தில் மட்டும் வேண்டாம். செய்முறைக்கு உள்ள 20 மார்க் சுலபமாகக் கைக்கு வருகிற மார்க். ரெக்கார்டு நோட்டை முடித்துக் கையெழுத்து வாங்கி, அன்றைக்குப் போய் நின்றால் கிடைக்கும். கால்நடைக் கட்-ஆஃபில் உயிரியல் செய்முறையின் ஒவ்வொரு மார்க்கும் முழு மார்க்.

தொழிற்பிரிவில் வேளாண் அறிவியல் எடுத்தால் என்ன என்றும் கேட்டிருந்தீர்கள். வேளாண்மைப் படிப்பில் தொழிற்பிரிவுப் பிள்ளைகளுக்கென்று தனி இடம் இருக்கிறது, ஆனால் கொஞ்சம்தான். கால்நடை மருத்துவம்தான் முதல் ஆசை என்பவளுக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன்.

கடைசியாக, சேர்க்கைக்குப் போகும்போது டி.சி., பத்தாம் வகுப்பு மார்க் பட்டியல், சாதிச் சான்றிதழ், ஆதார் எடுத்துப் போங்கள். ஆறாம் வகுப்பிலிருந்து எந்தப் பள்ளி என்பதற்கான சான்றை இப்போதே பழைய பள்ளியில் கேட்டு வாங்கி வையுங்கள்; நடுவில் பள்ளி மாறியிருந்தால் ஒவ்வொரு பள்ளியிலும் தனித்தனியாக வாங்க வேண்டியிருக்கும். வீட்டில் இதுவரை பட்டதாரி யாரும் இல்லை என்றால் முதல் பட்டதாரிச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். அது ஒரு குடும்பத்தில் ஒருவருக்குத்தான். பையன் காமர்ஸ் முடித்து பி.காம். போகப்போகிறான், பெண் தொழிற்படிப்பு. கட்டணச் சலுகை பெரிதாக இருப்பது தொழிற்படிப்பில்தான். அதனால் பையன் பெயரில் அவசரப்பட்டு வாங்கிவிடாமல், இரண்டு பேருக்கும் எங்கே இடம் கிடைக்கும் என்று தெரிந்த பிறகு முடிவு செய்யுங்கள்.